நிப்பிள் ஷீல்டு வைத்தே பால் கொடுக்கிறீர்களா? எந்தத் தொல்லைக்கு எதைப் பார்ப்பது

"ரெண்டு நாள்ல கழட்டிடலாம்னு சொல்லித்தான் குடுத்தாங்க அக்கா, இப்ப நாலு மாசமாச்சு." எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். பேச்சு நிப்பிள் ஷீல்டைப் பற்றி, அதாவது பால் கொடுக்கும்போது காம்பின் மேல் வைக்கும், நுனியில் துளையுள்ள மெல்லிய சிலிகான் மூடி. காம்பு தட்டையாக இருந்திருக்கும், குழந்தை குறைமாதத்தில் பிறந்திருக்கும், காம்பு வெடித்து ரத்தம் வந்திருக்கும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலேயே பாட்டில் பழகியிருக்கும். ஷீல்டு எதற்காக வந்ததோ, மாதக்கணக்கில் அதோடு ஓட்டுகிறவர்களுக்கு வரும் தொல்லைகள் அதே நாலைந்துதான். அவற்றைத் தொல்லைவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், ஆஸ்பத்திரிச் செலவு கடைசியில். உங்கள் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

## எந்தத் தொல்லையானாலும் முதலில் இந்த இரண்டு

சிறுநீர். பிறந்து 5 நாள் ஆன பிறகு, 24 மணி நேரத்தில் 6 தடவையாவது போக வேண்டும். நிறம் வெளிறி இருக்க வேண்டும். டயபர் கட்டினால் எத்தனை தடவை போனது என்று தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரே ஒரு நாள் துணி கட்டி எண்ணுங்கள்.

எடை. பிறந்த எடையை 2 வாரத்துக்குள் திரும்பத் தொட்டிருக்க வேண்டும். அதன் பிறகு முதல் 3 மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். பிறகு வேகம் குறையும், அது இயல்பு. ஒரே தராசில், உடுப்பில்லாமல் பாருங்கள். அங்கன்வாடித் தராசில் போன வாரம், கிளினிக் தராசில் இந்த வாரம் என்று பார்த்துவிட்டு "200 கிராம் குறைஞ்சிருச்சு" என்று அழுதவர்கள் நிறைய. 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது போடும் எடையை அட்டையில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால், கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை உங்களுக்கு இருக்கும் இடைஞ்சல்தான், குழந்தைக்கு ஆபத்தில்லை. "ரப்பர் போட்டுக் குடுத்தா பால் வத்திடும்" என்று வீட்டில் சொல்வார்கள். முன்பு வந்த தடித்த ரப்பர் ஷீல்டுகள் உண்மையிலேயே பாலைத் தடுத்தன. அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது வருவது மெல்லிய சிலிகான். சரியான அளவில் சரியாக வைத்தால் பால் வரும். எடை ஏறிக்கொண்டிருக்கும் வரை ஷீல்டோடு கொடுப்பதில் தவறேதும் இல்லை என்பதுதான் என் கட்சி.

இவற்றில் எது இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்: 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல். எழுப்பினாலும் எழாமல் அடுத்தடுத்து இரண்டு வேளை பால் குடிக்காதது. 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. உச்சிக்குழி பள்ளமாகத் தெரிவது. 5 நாளைத் தாண்டியும் துணியில் செங்கல்பொடி நிறக் கறை. உள்ளங்கால் வரை மஞ்சள். வண்டி இல்லையென்றால் 108.

## ஷீல்டு நிற்கமாட்டேன் என்கிறது

### வைத்த உடனே வழுக்குகிறது

முதல் சந்தேகம் எண்ணெய். வெடிப்புக்கு என்று தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவியிருப்பீர்கள், இல்லையென்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளாக இருக்கும். எண்ணெய்ப் பசை இருக்கும் தோலில் சிலிகான் நிற்காது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். கிரீம் தடவுவதானால் பால் கொடுத்து முடித்த பிறகு தடவலாம்.

எண்ணெய் இல்லை என்றால், வைக்கும் முறையைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் தொப்பி மாட்டுவதுபோல அப்படியே மேலே வைத்து அழுத்துகிறார்கள். அப்படி வைத்தால் உள்ளே காற்று நின்றுவிடும். செய்ய வேண்டியது இது:

ஷீல்டின் விளிம்பை வெந்நீரில் நனையுங்கள். விளிம்பை இரண்டு கட்டைவிரலாலும் வெளிப்பக்கமாக மடக்குங்கள். நடுவில் இருக்கும் குமிழ் பாதி உள்வாங்கும் அளவுக்கு மடக்க வேண்டும். அந்த நிலையில் குமிழின் நடுவைக் காம்பின் மேல் நேராக வைத்து, விளிம்பை மெதுவாக மார்பின் மேல் விரித்துவிடுங்கள். மடங்கியிருந்த குமிழ் விரியும்போது காம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். சரியாக வைத்திருந்தால் காம்பு குமிழுக்குள் ஓரளவு நீண்டு நிற்பது கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் தெரியும். விளிம்பில் வெட்டு விட்ட ஷீல்டு என்றால், அந்த வெட்டு குழந்தையின் மூக்கு வரும் பக்கம் இருக்கட்டும். மூக்கில் அம்மாவின் தோல் படட்டும்.

### வைத்தால் நிற்கிறது, குழந்தை வாய் வைத்ததும் கழன்றுவிடுகிறது

குழந்தை குமிழின் நுனியை மட்டும் பிடித்து இழுக்கிறது. வாய் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து, முகவாய் முதலில் மார்பில் படும்படி அணையுங்கள். உதடுகள் குமிழின் அடியையும் தாண்டி விளிம்பின் மேல் விரிந்திருக்க வேண்டும். குழந்தை ஷீல்டை மட்டும் கவ்வினால் போதாது, ஷீல்டோடு மார்பையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். பாட்டில் நிப்பிளைச் சப்புவதுபோல் உதடு குவிந்திருந்தால் விரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள்.

மார்பு பால் கட்டிக் கல்லாக இருந்தாலும் இதே கதைதான். காம்பைச் சுற்றி ஐந்து விரல் நுனிகளையும் வைத்து, நெஞ்சுப் பக்கமாக மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் இளகிய பிறகு ஷீல்டை வையுங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால் அளவு தப்பு. கடைகளில் பெரும்பாலும் 16, 20, 24 மி.மீ. கிடைக்கும். காம்பின் அடியில் குறுக்களவை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் கருவட்டத்தைச் சேர்க்கக் கூடாது. 17 அல்லது 18 வந்தால் 20 எடுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். இன்னொரு பக்கம், குழந்தையின் வாயும் அளவில் சேர்த்தி. 2 கிலோ குழந்தைக்கு 24 மி.மீ. குமிழ் ஓங்கரிப்பு எடுக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சின்னதில் ஆரம்பித்தவர்கள், சில மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். காம்பும் அப்படியே இருப்பதில்லை, குடிக்கக் குடிக்கக் கொஞ்சம் நீளும், பருக்கும்.

### ராத்திரியில் மட்டும் தகராறு

தூக்கக் கலக்கத்தில் நனைக்காமல் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். தலைமாட்டில் ஒரு மூடி போட்ட சம்படத்தில் இரண்டு கழுவிய ஷீல்டுகளும், பக்கத்தில் ஒரு டம்ளர் ஆறிய வெந்நீரும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விடும். கண்ணாடி மாதிரி இருப்பதால் விளக்கு போட்டாலும் தெரியாது. இரண்டாவது அதற்காகத்தான்.

## சப்பிக்கொண்டே இருக்கிறது, எடை மட்டும் ஏறவில்லை

இதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டிய தொல்லை. காரணத்தைத் தேடும் வரை குழந்தையைப் பட்டினி போடக்கூடாது. ஒவ்வொரு வேளையும் கொடுத்து முடித்த பிறகு கையாலோ பம்ப்பாலோ பால் எடுத்து, பாலாடையிலோ சங்கிலோ புகட்டுங்கள். எடுக்கும் பால் போதவில்லை, டாக்டர் பவுடர் பால் சேர்க்கச் சொல்கிறார் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த குழந்தைதான் சப்பத் தெம்போடு வரும்.

### குடித்து முடித்த பிறகு குமிழுக்குள் பால் தெரியவில்லை

ஷீல்டில் இருக்கும் ஒரே லாபம் இது, உள்ளே பார்க்கலாம். குழந்தை விட்டதும் குமிழைப் பாருங்கள். நுனியில் பால் நிற்க வேண்டும். குடிக்கும்போது, சில சப்புகளுக்கு ஒரு முறை தாடை சற்று நின்று "க்க" என்று விழுங்கும் சத்தம் வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பால் வரவே இல்லை.

காசில்லாத வழியிலிருந்து ஆரம்பியுங்கள். வைக்கும் முறையும் அளவும் மேலே சொன்னபடி இருக்கிறதா? இருக்கிறது என்றால், அடுத்த வேளை கொடுக்கும்போது மார்பைக் கையால் பிடித்து, குழந்தை சப்புவதை நிறுத்தும்போதெல்லாம் அழுத்துங்கள். விழுங்கும் வரை அப்படியே பிடித்திருந்து, விழுங்குவது நின்றதும் அழுத்தத்தை விடுங்கள். நிறைய குழந்தைகள் இதிலேயே மறுபடி விழுங்கத் தொடங்கிவிடும். வாய் வைக்கும் முன்பே காம்பைப் பிழிந்து குமிழுக்குள் கொஞ்சம் பால் நிரப்பி வைப்பதும் உதவும். முதல் சப்பிலேயே பால் வந்தால் குழந்தை விடாது. ஊசி இல்லாத சிரிஞ்சால், குமிழின் நுனித் துளை வழியாகவும் விடலாம்.

அடுத்தது பம்ப். ஷீல்டு வைக்கும்போது மார்புக்குக் கிடைக்கும் தூண்டுதல் சிலருக்குக் குறையும். குறிப்பாக முதல் சில வாரங்களில், எடை நிலையாக ஏறும் வரை, ஒரு நாளில் சில வேளைகள் பால் கொடுத்த பிறகு 10 நிமிடம் எடுப்பது நல்ல பாதுகாப்பு. பம்ப் வாங்க வேண்டும் என்றில்லை. கையால் பிழியக் கற்றுக்கொள்ளலாம், வாடகைக்கும் பம்ப் கிடைக்கிறது. எடை நன்றாக ஏற ஆரம்பித்த பிறகும் மாதக்கணக்கில் பம்ப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். அதில் பால் கட்டித் தொல்லைதான் மிஞ்சும்.

இதற்கும் அசையவில்லை என்றால் குழந்தையின் நாக்கைக் காட்டும் நேரம். அழும்போது பாருங்கள்: நாக்கு நுனி இதய வடிவில் நடுவில் பள்ளமாக இருக்கிறதா, கீழ் ஈறைத் தாண்டி வெளியே வருகிறதா? வரவில்லை என்றால் நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு ஒட்டியிருக்கலாம். குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போகலாம். எல்லா ஒட்டுநாக்கையும் வெட்டத் தேவையில்லை. பால் வாங்க முடியாமல் செய்கிற ஒட்டைத்தான் வெட்டுவார்கள். பார்த்த கையோடு கத்தியை எடுக்கிறவரிடம் இன்னொரு கருத்து கேளுங்கள்.

### பால் தெரிகிறது, விழுங்கும் சத்தமும் கேட்கிறது, ஆனாலும் எடை இல்லை

எத்தனை தடவை கொடுக்கிறீர்கள்? சின்னக் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை வேண்டும். மாட்டுவது, கழுவுவது, கொதிக்க வைப்பது என்று அலுத்துப்போய், அறியாமலேயே 6 தடவையில் நிறுத்தியிருப்பீர்கள். "அழும்போது குடுக்கிறேன்" என்பவர்களின் குழந்தை அழாமல் தூங்குகிற சாதுவாக இருந்தால் எடை நிற்கும்.

இடையில் வேறு ஏதாவது போகிறதா என்று பாட்டியிடம் நயமாகக் கேளுங்கள். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து எதுவானாலும் அந்தச் சின்ன வயிற்றில் பாலின் இடத்தைத்தான் பிடிக்கும். 6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம்.

இவையும் இல்லையென்றால் இது ஷீல்டு விவகாரமில்லை. சிறுநீர்த் தொற்று, இதயக் கோளாறு போல வேறு காரணங்களைக் குழந்தை நல மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரம் பார்த்தும் எடை நகரவில்லை என்றால் போய்விடுங்கள். குழந்தை ஒரு மாதத்துக்கு உட்பட்டது என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

### ஏறிக்கொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது

மருந்துப் பெட்டியைத் திறங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பாலைக் குறைக்கும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். மாத்திரை மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டால் வேறு இருக்கிறது. மாதவிலக்கு திரும்பினால் சில நாள் பால் குறைந்ததுபோல் இருக்கும், தானே சரியாகும். வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தால், அலுவலகத்தில் எடுக்கும் வேளை எத்தனை என்று கணக்குப் பாருங்கள். வீட்டில் 4 தடவை குடித்த நேரத்துக்கு அங்கே ஒரு தடவை எடுத்தால் சுரப்பு இறங்கத்தான் செய்யும். மறுபடி கர்ப்பமா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

பிரசவமான நாள் முதலே பால் மிகக் குறைவாக இருக்கிறது, உதிரப்போக்கும் நிற்கவில்லை என்றால் நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். அது மகப்பேறு மருத்துவரிடம் அன்றே போக வேண்டிய விஷயம். ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

## வலிக்கிறது

ஷீல்டு வைத்தால் வலிக்கக்கூடாது. அது வந்ததே வலிக்காமல் இருக்கத்தான்.

### குடிக்கும்போது மட்டும்

ஷீல்டை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். அடியில் வளையம் போட்டதுபோல் அழுந்திய தடம் இருந்தால் ஷீல்டு சிறிது. நுனியில் சிவந்து உரசிய அடையாளம் இருந்தால் காம்பு குமிழின் முனையில் இடிக்கிறது, அதற்கும் பெரிய அளவு வேண்டும். உதட்டுச்சாயக் குச்சி தேய்ந்ததுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நசுங்கியிருந்தால் அளவில் குறையில்லை, குழந்தை நுனியில் மட்டும் கவ்வுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை, அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

### குடித்து முடித்த பிறகு எரிகிறது

காம்பு வெளுத்துப் பிறகு நீலமோ சிவப்போ ஆகி எரிந்தால், ரத்தக்குழாய் சுருங்குகிறது. ஏசி அறையில் கூடும். குழந்தை விட்ட உடனே உலர்ந்த சூடான துணியால் மூடுங்கள். கவ்வுவதைச் சரி செய்தாலே பெரும்பாலும் அடங்கும். இல்லையென்றால் மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

நிறம் மாறவில்லை, காம்பு பளபளவென்று சிவந்து அரிக்கிறது, குழந்தையின் கன்னத்துக்கு உள்ளே துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நாக்கில் மட்டும் வெள்ளையாக இருந்து துடைத்தால் போனால் அது பால் படிவு, விட்டுவிடுங்கள். பூஞ்சை என்று டாக்டர் சொன்னால் அம்மாவுக்கும் குழந்தைக்கும் சேர்த்தே மருந்து போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் அது இரண்டு பேருக்கும் நடுவில் பந்து விளையாடும். மருந்து போடும் நாள் முழுக்க ஷீல்டைத் தினமும் 20 நிமிடம் கொதிக்க வையுங்கள், முடிந்ததும் புதிதாக மாற்றிவிடுங்கள். குழந்தை வாயில் தேன் தடவச் சொன்னால் வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது.

### விளிம்பு படும் இடத்தில் தடிப்பு, அரிப்பு

பாத்திர சோப்பு சரியாக அலசப்படாமல் இருக்கும். வாசனையில்லாத சோப்புக்கு மாறி, இரண்டு தடவை அலசுங்கள். கொடுத்து முடித்ததும் ஷீல்டை எடுத்துவிட்டுத் தோலை ஆறவிடுங்கள். மார்பிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வேளை வரை உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. இரண்டு வாரத்தில் போகவில்லை என்றால் தோல் மருத்துவர். ஒரு பக்கக் காம்பில் மட்டும் செதில்போல் உரிந்து எந்தக் கிரீமுக்கும் ஆறாமல் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

## மார்பில் கட்டி, காய்ச்சல்

காய்ச்சல் இல்லாத கட்டி: வழக்கம்போல் குழந்தைக்குக் கொடுங்கள், இடையில் குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள். "நல்லா உருட்டிப் பிசைஞ்சு எடு" என்ற பழைய வைத்தியம் இப்போது கிடையாது. அழுத்திப் பிசைந்தால் உள்ளே வீக்கம் கூடும். பம்ப் போட்டு ஒட்ட எடுப்பதும் வேண்டாம், எடுக்க எடுக்க இன்னும் சுரக்கும். வீட்டில் மல்லிகைப்பூ கட்டச் சொல்வார்கள். பூ கட்டுவது பால் மறக்கடிக்கும் வைத்தியம். தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஷீல்டு வைப்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். விளிம்பை ஒரே இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்தே பழகியிருப்பீர்கள். கட்டி அந்த விரலுக்கு நேர் கீழே இருந்தால் காரணம் கையில்தான். ஷீல்டு தானே நிற்கும்படி வைக்கப் பழகினால் போய்விடும்.

கட்டியோடு சிவப்பு, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி: அந்த மார்பிலேயே தொடர்ந்து பால் கொடுக்கலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம். 24 மணி நேரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போய் ஆன்டிபயாடிக் தேவையா என்று கேளுங்கள். பாலூட்டும்போது போடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. தொட்டால் நீர் நிரம்பியதுபோல் தளதளவென்று இருந்தால் சீழ் கட்டியிருக்கலாம், ஸ்கேன் எடுத்து ஊசியால் எடுப்பார்கள். காய்ச்சலே இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்தைத் தாண்டி நிற்கும் கட்டியை ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும்.

## கக்கல், வாயு, புரையேறுதல்

குமிழுக்குள் நுரையும் குமிழியுமாகத் தெரிந்தால் காற்று போகிறது, மறுபடி கவ்வ வையுங்கள். எடுத்த எடுப்பில் புரையேறினால் பால் வேகமாக இறங்குகிறது. நீங்கள் பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மேலே படுக்க வைத்துக் கொடுங்கள். நடுவில் ஒரு தடவை ஏப்பம் விட வையுங்கள். கக்கினாலும் எடை ஏறினால் கவலை இல்லை. பச்சை நிறத்தில் வாந்தி, பீய்ச்சி அடிக்கும் வாந்தி, வாந்தியில் ரத்தம் என்றால் உடனே டாக்டர். உங்கள் காம்பில் வெடிப்பு இருந்தால் அந்த ரத்தம் உங்களுடையதாகவும் இருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

## பிடுங்கி எறிகிறது, கடிக்கிறது

நாலு மாதத்துக்கு மேல் ஷீல்டோடு ஓட்டுபவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இது. கை வந்துவிட்டது, ஷீல்டு ஒரு பொம்மை. குழந்தையின் மேலே இருக்கும் கையில் உங்கள் விரலையோ தாலிச் சரடையோ கொடுங்கள், கழுத்தில் போடும் துணி மாலை கிடைத்தாலும் சரி. சத்தமில்லாத இருட்டு அறையில் கொடுத்தால் பாதி சண்டை குறையும். சில குழந்தைகள் பிடுங்கி எறிவதே நேரடியாகக் குடிக்கத் தயார் என்பதற்காகத்தான். எறிந்த அந்த நொடியில் ஷீல்டைத் தேடாமல் காம்பைக் காட்டிப் பாருங்கள்.

பல் முளைக்கும்போது கடிக்கும். கொடுக்கும் முன் குளிர்ந்த துணியைக் கொஞ்ச நேரம் கடிக்கக் கொடுங்கள். கடித்தால் கத்தாமல் விரலை விட்டு எடுத்து, ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் குமிழை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஊசி முனை அளவு கிழிசல் இருந்தாலும் குப்பைக்குப் போக வேண்டும். கிழிந்த சிலிகான் துண்டு தொண்டையில் அடைக்கும்.

## ஷீல்டு மங்கிப்போய்விட்டது, பிசுபிசுக்கிறது

வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீரின் உப்பு. கேன் தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ கொதிக்க வைத்தால் வராது. படிந்ததை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்து அலசினால் போகும். பிசுபிசுப்பு என்றால் பால்கொழுப்பு. கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு போட்ட வெந்நீர், பிறகு அலசல் என்ற வரிசையை மாற்றாதீர்கள். எடுத்ததும் வெந்நீரில் போட்டால் பால் வெந்து ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு ஒரு தடவை 5 நிமிடம் கொதிக்க வைத்து, துடைக்காமல் காற்றில் உலரவிட்டு, மூடிய டப்பாவில் வையுங்கள். அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கி, தண்ணீர் வற்றிக் கருகிய ஷீல்டு போட்டோ எனக்கு அடிக்கடி வரும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் ஒட்டும் பதத்துக்கு வந்துவிட்டால் எந்தக் கழுவலும் உதவாது, சில நூறு ரூபாய் செலவு செய்து மாற்றிவிடுங்கள்.

## ஷீல்டு இல்லாமல் வாயே வைக்கமாட்டேன் என்கிறது

எடை சரி, வலி இல்லை என்றால் இது அவசரமில்லை. கழற்ற ஆசையென்றால் நேரம் பார்த்துச் செய்யுங்கள். பசியில் வீறிடும் குழந்தையிடம் பரீட்சை வைக்காதீர்கள்.

நல்ல நேரம், விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது. குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் துணியில்லாமல் நெஞ்சில் படுக்க வைத்து, தானே தேட விடுங்கள். அது நடக்கவில்லையென்றால் ஷீல்டோடு தொடங்கி, பால் இறங்கிக் கடகடவென்று விழுங்கும்போது, குழந்தை மூச்சு வாங்கும் இடைவெளியில் சட்டென்று ஷீல்டை உருவிவிட்டுக் காம்பைக் கொடுங்கள். அந்த நேரத்தில் காம்பு நீண்டு நிற்கும். அழுதால் மறுபடி ஷீல்டு, சண்டை வேண்டாம். நாளைக்கு ஒரு தடவை போதும்.

காம்பு உள்வாங்கியிருப்பவர்கள், கொடுக்கும் முன் சிரிஞ்ச் முறையைச் செய்யலாம். 10 மி.லி. சிரிஞ்சின் மூக்குப் பக்கத்தை வெட்டி, வெட்டிய பக்கமாகத் தண்டைச் செருகுங்கள். வெட்டாத வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து, வலிக்காத அளவுக்கு மெதுவாக இழுத்து அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். முதல் தடவை நர்ஸ் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. ஷீல்டின் நுனியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வரச் சொல்லும் யோசனையைக் கேட்டிருப்பீர்கள். சிலிகானின் வெட்டு விளிம்பு கூர்மையாகி வாயைக் கீறும், செய்யாதீர்கள்.

வாரக்கணக்கில் முயன்றும் நடக்கவில்லை என்றால், பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் ஒரு வேளை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். போனில் சொல்லி முடிகிற காரியமில்லை. அரசு மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவில் விசாரியுங்கள், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டாலும் வழி சொல்வார்.

கழற்றி வெற்றி கண்ட முதல் வாரம் மட்டும், மறுபடி ஒரு நாள் துணி கட்டிச் சிறுநீரை எண்ணுங்கள், வாரக் கடைசியில் எடை பாருங்கள். ஷீல்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சளி பிடித்தாலோ பல் முளைத்தாலோ சில குழந்தைகள் இரண்டு நாளைக்கு மறுபடி அதைக் கேட்கும்.